அலிபிரிப் படியில் பறிபோன கண்மலர்

ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு, எல்லையோரத்து ஊர்களில் எது யாருக்கு என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருடங்களில், அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறுகிற படிக்கட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நகரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தில் வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன் நான். "இப்பிடியே இழுத்துக்கினு இரு, ஒரு நாளு பூட்டு கையோட வந்துடப்போவுது" என்பாள் என் மனைவி. புது ஆள் யாராவது சிரித்துப் பேசினால் இவன் எதற்குச் சிரிக்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

எங்கள் மூத்த பெண்ணுக்கு ஐந்து வயதில் அம்மை வார்த்தது. உடம்பில் அம்மை இறங்கிய பிறகும் கண் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருந்தன. பஞ்சால் ஒற்றித் திறந்தால் உள்ளே பாலாடை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். சொட்டு மருந்து கொடுத்தார், ஆனால் நிச்சயமாக எதுவும் சொல்லவில்லை. என் மனைவி திருப்பதி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளைக்குப் பார்வை வந்தால் படியேறி வந்து வெள்ளிக் கண்மலர் செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கண் தெளிந்தது. ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை என்னைப் பார்த்து, "நைனா, உன் மீசையில சோறு ஒட்டிக்கினு கீது" என்றாள். சோற்றுக் கையோடு எழுந்து தெருவுக்கு ஓடினேன். யாரிடம் சொல்ல ஓடினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் மனைவிக்கு அப்போதுதான் இரண்டாவது பிரசவம் ஆகியிருந்தது. அதனால் நானும் பெண்ணும் மட்டும் கிளம்பினோம். வெயிலும் தூசியும் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் கண்ணுக்குக் குறுக்கே ஒரு பச்சைத் துணியைக் கட்டி, கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

கண்மலரை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கவலை. இடுப்பில் முடிந்தால் கூட்டத்தில் அறுத்துவிடுவார்கள், சட்டைப் பையில் வைத்தால் கையை விடுவார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வழியில் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு மஞ்சள் துணிப்பை நிறையப் பொட்டுக்கடலையும் வெல்லமும் எடுத்திருந்தோம். அதற்கு நடுவில் இரண்டு கண்மலரையும் புதைத்து வைத்தேன்.

"கடல துன்ற ஆசையில எவனாவது தூக்கினு போனா?" என்றாள் மனைவி.

"கடலைய எவன் திருடுவான்?" என்றேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த நாளில் ரயிலில் வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டும். எந்தப் பெட்டியில் ஏறினாலும் திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று வாக்குவாதம் நடக்கும். தமிழில் பேசினால் ஒரு பக்கம் முறைப்பார்கள், தெலுங்கில் பேசினால் மறுபக்கம் முறைப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் கலந்துதான் பேசுவோம். எதற்கு வம்பு என்று, "யார் என்ன கேட்டாலும் பேசாத, கம்முனு இரு" என்று பிள்ளையிடம் சொல்லி வைத்தேன்.

புத்தூரில் ஒருவர் ஏறினார். நாற்பது வயது இருக்கும். கையில் குடை, தோளில் துண்டு, சவரம் செய்யாத முகம். எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து பிள்ளையின் கண்ணில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடியில் நான் இறுக்கிப் பிடித்திருந்த பையையும் பார்த்தார். பிறகு பாப்பாவின் கண்ணுக்கு என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏமி லேது" என்றேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

கண்ணைக் கட்டி வைத்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் கேட்டவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் பிள்ளையிடம் குனிந்து தமிழில், "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். நான் அவள் கையை அழுத்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்து நீட்டினார். சளி பிடிக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். மயக்க மருந்து தடவிய பழமாக இருந்தால் என்ன செய்வது?

"எந்த ஊரு மீரு?" நீங்கள் எந்த ஊர் என்று தமிழும் தெலுங்குமாகக் கேட்டார்.

சொந்த ஊரைச் சொல்ல மனம் வரவில்லை. வாய்க்கு வந்தபடி நாயுடுபேட்டை என்றேன். ரேணிகுண்டாவில் வண்டி மாறும்போது பக்கத்தில் வந்து மறுபடியும் கேட்டார். பதற்றத்தில் முதலில் சொன்னது மறந்துபோய், பலமனேர் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

திருப்பதியில் இறங்கினோம், அவரும் இறங்கினார். அலிபிரிக்கு நடந்தோம், குடையை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். படியின் அடியில் கற்பூரம் ஏற்ற நின்றேன், அவர் தள்ளி நின்று துண்டை உதறிக் கட்டினார். வேகமாக ஏறினால் அவரும் வேகமாக ஏறினார். மூச்சு வாங்கி உட்கார்ந்தால் எங்களுக்குக் கீழே நான்கைந்து படி விட்டு அவரும் உட்கார்ந்தார். மலைக்கு எல்லோரும்தான் வருகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எல்லோருமா என் பையைப் பார்க்கிறார்கள்?

வெயில் ஏறியபோது குரங்குகள் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். படிக்கு இரண்டு பக்கமும் ரிசர்வ் காடு. உள்ளே இறங்கக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது என்று காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கீழேயே எச்சரித்து அனுப்பியிருந்தார். ஆனால் காட்டிலிருப்பது படிக்கு வரக் கூடாது என்று யார் சொல்வது? கைப்பிடிச் சுவரிலும் மரக்கிளையிலும் வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன.

ஜனங்கள் அவற்றிடம் நடந்துகொண்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாள், ஒரு குரங்கின் கையில் வாழைப்பழம் கொடுத்துவிட்டு, "ஆஞ்சநேயா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் வந்தவர் அதே ஆஞ்சநேயர் தன் தேங்காய் மூடியை எடுத்துவிட்டார் என்று கல்லை எடுத்து எறிந்தார். பட்டணத்திலிருந்து வந்த வாலிபப் பையன்கள் சிலர், உள்ளே ஏதோ இருப்பதுபோல வெறுங்கையை மூடி நீட்டி, குரங்கு கிட்டே வந்ததும் விரித்துக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு பெரிய கடுவன் குரங்கு அப்படி இரண்டு மூன்று தடவை ஏமாந்தது. அதன் மயிர் சிலிர்த்திருந்தது. அதையும் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் குரங்கைக் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் குடைக்காரர் மேல் இருந்தது. அவர் எங்களை நெருங்கி வந்துகொண்டிருந்தார். "அய்யா, அந்தப் பைய மறைச்சி வெய்யி. இல்ல இப்பிடி எங்கிட்ட குடு" என்றார். வந்தது பார் உண்மை வெளியே, என்று நினைத்தேன். பையை இன்னும் இறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் என் பெண் கண்ணில் கட்டியிருந்த துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள்.

பல நாள் இருட்டில் இருந்த பிள்ளை. குரங்கைக் கதையில் கேட்டிருக்கிறாளே தவிர இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அந்தப் பெரிய கடுவன் சுவர் மேல் அவள் உயரத்துக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது. அவள் இமை கொட்டாமல் அதன் கண்ணையே பார்த்தாள். அது உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டியது.

"சிரிக்குது பாரு! பாப்பாவப் பாத்துச் சிரிக்குது" என்று பையன்களில் ஒருவன் கத்தினான். என் பெண்ணும் பதிலுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு இன்னும் கிட்டே போனாள்.

பின்னாலிருந்து ஒரு துண்டு பறந்து வந்து அவள் முகத்தை மூடியது. குடைக்காரர் ஒரு கையால் அவளைத் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு கையால் என் மார்பிலிருந்த பையைப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தில் வீசினார். பிள்ளையை நோக்கிப் பாய்ந்த கடுவன் பாதியில் திரும்பிப் பையின் பின்னால் குதித்தது. மற்ற குரங்குகளும் கீச்கீச்சென்று அதன் பின்னால் ஓடின.

எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இப்போதுதான் வெளிச்சம் பார்த்த பிள்ளையின் கண்ணை ஒருவன் மூடிவிட்டான், கண்மலரைக் காட்டில் எறிந்துவிட்டான். "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்தேன்.

அவர் பிள்ளையை விடவில்லை. என் கையை உதறிவிட்டு என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "யாருடா திருடன்? இவன் பிள்ளை புடிக்கிறவன்! புத்தூர்லேர்ந்து பாத்துக்கினு வரேன். கொழந்த கண்ணக் கட்டி, வாயத் தொறக்க உடாம இழுத்துக்கினு போறான். ஒரு தபா நாயுடுபேட்டைங்கறான், ஒரு தபா பலமனேருங்கறான். கண்ணக் குருடாக்கிப் பிச்சைக்கு உக்கார வெக்கறவன் இவன்!"

அவரைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்த அத்தனை நேரமும் அவர் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். பதில் சொல்ல வாயெடுத்தால் தமிழ் வருகிறது, தெலுங்கு வருகிறது, இரண்டும் ஒழுங்காக வரவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. சற்றுமுன் சிரித்த பையன்களே என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் ஓங்கிய கை என் காதருகில் நின்றது.

அதைத் தடுத்தவர் படிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த அம்மாள்தான். "இருங்க. பெத்தவன் யாருன்னு கொழந்தைக்குத் தெரியாதா?" என்று சொல்லிப் பிள்ளையின் முகத்திலிருந்த துண்டை எடுத்தார். "யாரும்மா இது?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். பேசாதே என்று நான் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா? பேசவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"சொல்லும்மா, தாயி, சொல்லிடு" என்றேன்.

"எங்க நைனா" என்றாள். பிறகு, கேட்காமலே, "அது எல்லாத்துக்கும் பயந்துக்கும்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குடைக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மை வார்த்தது, கண்மலர், வேண்டுதல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்குப் புத்தூரைத் தாண்டி ஒரு மாந்தோப்பு இருந்தது. காய்க்கிற காலத்தில் அவருக்குக் குரங்கோடுதான் குடித்தனமாம். "அது எங்கய்யா சிரிச்சுது? கண்ணுக்குள்ள கண்ணு வெச்சிப் பாத்தா சண்டைக்கு வர்றாங்கன்னு நெனச்சிக்கும். பயந்துக்கினா பல்லக் காட்டும். இந்தப் பசங்க வேற வெறுங்கையக் காட்டி அத வெறி ஏத்தி வெச்சிருந்தாங்க. இன்னும் ஒரு அடி வெச்சிருந்தா பாப்பா கன்னத்தப் பிச்சிருக்கும்" என்றார். அவள் கன்னத்தையும் அதற்கு மேலே இருந்த கண்ணையும் பார்த்தேன். கண்மலர் போனால் போகட்டும் என்று அந்த ஒரு நிமிடம் தோன்றியது.

அடுத்த நிமிடமே தேடலாமா என்று தோன்றியதும் எனக்குத்தான். இறங்கக் கூடாது என்று காக்கிச் சட்டைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து சுவரருகிலேயே நின்றேன். குடைக்காரர்தான் குடையைத் தட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். பை கிழிந்து ஒரு புதரில் தொங்கியது. குரங்குகள் கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் அடக்கிக்கொண்டிருந்தன. ஒன்று எதையோ கடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கீழே போட்டது. அவர் குனிந்து எடுத்தார். ஓரம் நெளிந்துபோன ஒரு கண்மலர். இன்னொன்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

அவர் மேலே ஏறி வந்து கையில் கொடுத்தபோது என் பார்வை தானாக அவர் சட்டைப் பைக்குப் போனது. என்னை நானே என்ன செய்வது? அவர் அதைக் கவனித்துவிட்டார். கோபப்படவில்லை. பையை வெளியே இழுத்துக் காட்டி, துண்டையும் உதறிக் காட்டி, "மடியையும் அவுக்கட்டுமா?" என்றார். என் பெண் கலகலவென்று சிரித்தாள்.

மீதிப் படி முழுக்க அவர் தோளில்தான் அவள் ஏறினாள். அவர் கொடுத்த கொய்யாப்பழத்தை அவர் தலைமுடியிலேயே சிந்திக்கொண்டு தின்றாள். மேலே போய் உண்டியல் முன்னால் நின்றபோது எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. இருப்பது ஒரு கண்மலர். இது வலக்கண்ணா, இடக்கண்ணா? மற்ற கண்ணுக்குக் குறை வந்துவிட்டால்?

"மலையே அந்தச் சாமியோடதுதானே? அந்தப் பள்ளத்துல கெடக்கறது மட்டும் வேற யாருக்கோ போய்ச் சேந்துடுமா? போடுய்யா உள்ள" என்றார் குடைக்காரர். போட்டேன். இருந்தும் அதற்குப் பிறகு பல மாதம், காலையில் எழுந்ததும் பிள்ளையின் ஒரு கண்ணைப் பொத்தி இது எத்தனை விரல் என்று கேட்பேன், மறு கண்ணைப் பொத்தியும் கேட்பேன். இரண்டிலும் நன்றாகவே தெரிந்தது. இன்றும் அவள் தன் பேத்திக்குக் கண்ணாடி இல்லாமல் பேன் பார்க்கிறாள்.

ஆனால் என்னால் மறக்க முடியாமல் இருப்பது இதுவும் இல்லை. மறுநாள் மலையிறங்கி மூன்று பேருமாகவே ரயிலேறினோம். வழியெல்லாம் அவரும் பிள்ளையும் ஒரே பேச்சு. புத்தூர் வந்தது. அவர் இறங்கவில்லை. உங்கள் ஊர் வந்துவிட்டதே என்றேன், நகரியில் ஒரு வேலை இருக்கிறது என்றார். நகரி ஸ்டேஷனில் என் மைத்துனன் மாட்டுவண்டியோடு காத்திருந்தான். "மாமா!" என்று பிள்ளை ஓடிப்போய் அவன் இடுப்பில் தொற்றிக்கொண்டாள். தம்பிப் பாப்பா அழுதானா, அம்மா என்ன செய்கிறாள் என்று அவனைத் துளைத்து எடுத்தாள்.

குடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "கோவிச்சுக்காத. பாப்பா சொன்னத அப்பவே நம்பிட்டேன். ஆனா மனசு கேக்கல. மெரட்டி வெச்சிருந்தா கொழந்தைங்க அப்பிடித்தான் சொல்லும், இல்லியா? அதான் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

நகரியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வடக்கே போகிற வண்டி வரும்வரை அந்தப் பிளாட்பாரத்திலேயே குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு கூப்பிட்டும் வீட்டுக்கு வரவில்லை. பேர் கேட்க எனக்கும் தோன்றவில்லை. பிறகு எல்லை முடிவாகி, திருத்தணி மதராஸ் பக்கம் போய், நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். அவரை மறுபடியும் நான் பார்க்கவில்லை.

என் சுபாவம் இன்றும் மாறவில்லை. பூட்டை இன்னும் இழுத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் அன்று நான் சந்தேகப்பட்டது என் மடியில் இருந்த ஒரு பைக்காக, அவர் சந்தேகப்பட்டது முன்பின் தெரியாத ஒருவன் கையில் இருந்த பிள்ளைக்காக. அந்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளாமல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் எந்த மனிதரையும் என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை.